மருந்தே நோயை வளர்க்கும், கணக்கு அதைக் காட்டிக்கொடுக்கும்: தெரியுமா?

டி.என்.ஏ. கிடையாது, ஆர்.என்.ஏ. கிடையாது. வெறும் புரதம்! அது தன் மடிப்பு பிசகி, பக்கத்துப் புரதத்தையும் பிசகவைத்து, மூளையை ஓட்டை ஓட்டையாக்கிவிடும். அதுதான் பிரியான். 1982இல் பெயர் வைத்த ஸ்டான்லி புருசினர் 1997இல் நோபல் வாங்கினார். ஆனால், புரதம் தானே பெருகலாம் என்று 1967லேயே எழுதியவர் மருத்துவர் அல்ல, கணிதத் துறைக்காரர் ஜே.எஸ். கிரிஃபித். தெரியுமா?

பிரியானால் வருவது பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர், இருவருக்கு வரும் நோய். நம் நாட்டிலும் உண்டு; பெங்களூரு நிம்ஹான்ஸ் பல ஆண்டுகளாக இந்நோயாளிகளைப் பதிவு செய்துவருகிறது. குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

பிரியான்கள் நீள இழைகளாகக் கோத்துக்கொள்ளும். வளர்ச்சி நடப்பதெல்லாம் நுனிகளில். அப்படியானால் இழையை உடைத்தெறிந்தால் தீர்ந்தது என்றுதானே தோன்றும்? ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியைப் பாருங்கள். கணுவோடு துண்டு துண்டாக வெட்டி நட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விட்டுத் தனிக்கொடியாகிவிடும். இழையும் அப்படித்தான்! ஒன்று உடைந்தால் இரண்டு; நுனிகள் நான்கு. ஜோயானா மேசல், வின்சென்ட் யான்சென் இருவரும் 2000இல் சமன்பாடு போட்டுப் பார்த்தபோது வந்த விடை திகைக்கவைத்தது: சில வகை மருந்துகள் குறைந்த அளவில் போனால் நோயை இன்னும் வேகப்படுத்தக்கூடும்! நுனியை அடைக்கும் மருந்தே நம்பத் தக்கது என்றது அவர்கள் கணக்கு. சோதனைக் குழாயில் ஜெயித்த மருந்து மூளைக்குள் சொற்ப அளவே போய்ச்சேரும் என்பதால் இது எவ்வளவு பெரிய எச்சரிக்கை!

இன்னொன்று. ஓர் இழை அழிவதற்குள் சராசரியாக ஒன்றுக்கும் குறைவாகவே புது இழையை உண்டாக்கினால், நோய் தானாக அடங்கும். கடைசி இழைவரை வேட்டையாட வேண்டியதில்லை. இதே எல்லைக்கோட்டுச் சிந்தனையை மலேரியாவுக்குக் கொண்டுவந்தவர் ரொனால்ட் ராஸ். 1897இல் ஊட்டிக்கு அருகே சிகூர் மலைப்பாதையில் மலேரியாவை ஆராயப் போய், அதே காய்ச்சலில் விழுந்தவர்!

எல்லைக்குக் கீழே இறக்க என்ன வழி? மூலப்பொருளை, அதாவது இன்னும் மடிப்பு பிசகாத புரதத்தை, குறைப்பது. இயல்பான அந்தப் புரதமே இல்லாத எலிகளுக்குப் பிரியானைச் செலுத்தினாலும் நோய் வரவில்லை என்று 1993இலேயே நிரூபித்துவிட்டார்கள். இந்திய வம்சாவளியான சோனியா வல்லப் பிடித்திருப்பதும் இந்த வழியைத்தான். 2010இல் தாயை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அதே மரபணுப் பிழை தனக்கும் இருப்பதை அறிந்ததும் சட்டத் தொழிலை விட்டு, கணவர் எரிக் மினிக்கேலோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தவர். புரத உற்பத்தியையே குறைக்கும் மருந்தொன்று இப்போது நோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்டு வருகிறது.