தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது?

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குப் போக ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகிறது. திரும்பி வர ஏழு மணி நேரமே போதும். ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு கணக்கு?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இரண்டு நிலையங்களுக்கும் இடையே சுமார் 5,550 கிலோமீட்டர். இது பூமியின் வளைந்த பரப்பின் மேல் அளந்த மிகக் குறைந்த தூரம். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இந்தப் பாதை கிடைக்காது. உலக உருண்டையில் இரு நகரங்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது அயர்லாந்தைக் கடந்து, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வழியாக நியூயார்க்குக்கு இறங்கும்.

உச்ச உயரத்தில் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். வகுத்தால் ஆறு மணி பத்து நிமிடம் வருகிறது. டிக்கெட்டில் அதைவிடக் கூடுதலாக இருக்கக் காரணம், அந்த நேரம் விமானம் கேட்டை விட்டு நகர்வதில் தொடங்கி, போய்ச் சேரும் கேட்டில் நிற்பதில்தான் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, தரையிறங்க முறை வரும்வரை வானில் வட்டமடிப்பது எல்லாம் இதில் அடக்கம்.

அடுத்தது காற்று. வட அட்லாண்டிக்கின் மேல், விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். 900 கிலோமீட்டர் என்பது காற்றுக்குள் விமானம் போகும் வேகம். எதிரே 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தரைக்கணக்கில் 800தான் தேறும். பின்னாலிருந்து வீசினால் 1,000 ஆகும். இந்த ஒரு காரணத்தாலேயே பறக்கும் நேரத்தில் ஒன்றேகால் மணிக்கும் மேல் வித்தியாசம் வந்துவிடும். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடங்களில் வந்து சேர்ந்தது. அதனால்தான் இந்தக் கடலின் மேல் செல்லும் வான்பாதைகளையே அன்றாடக் காற்றைப் பார்த்து வகுக்கிறார்கள்.

மூன்றாவது கடிகாரம். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். நியூயார்க் லண்டனைவிட 5 மணி நேரம் பின்தங்கியது. காலை 10 மணிக்கு லண்டனில் கிளம்பி, பகல் 1 மணிக்கு நியூயார்க்கில் இறங்கினால் பயணம் மூன்று மணி நேரமல்ல, எட்டு மணி நேரம். நியூயார்க்கில் இரவு 8 மணிக்கு ஏறி, லண்டனில் காலை 8 மணிக்கு இறங்கினால் பயணம் ஏழு மணி நேரம். மார்ச்சிலும் இலையுதிர் காலத்திலும் இரு நாடுகளும் வெவ்வேறு நாள்களில் கடிகாரத்தை மாற்றுவதால், சில நாள்களுக்கு இந்த இடைவெளி 4 மணி நேரமாகக் குறையும்.

ஆகவே கிலோமீட்டரை வைத்துப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள். இணைப்பு விமானத்துக்குத் தனி டிக்கெட் எடுத்திருந்தால் நடுவே தாராளமாக நேரம் விடுங்கள். முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதைத் தவறவிட்ட நஷ்டம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.