தாராவி பாடும் சோகம்

அழுகையைத் தாளத்தில் சொல்லக் கற்ற தமிழ் இளைஞர்கள் அவர்கள். கேட்க ஊர் தயார். பாட இடம் மிஞ்சுமா என்பதுதான் கேள்வி.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் இசையில் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அதிகம். இந்தப் பக்கம் சண்முகானந்தா அரங்கம். 1963-ல் திறக்கப்பட்டு, 1990-ல் தீக்கிரையாகி, 1998-ல் மீண்டும் எழுந்தது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. மும்பைத் தமிழர் என்றால் பட்டுப்புடவை, ஃபில்டர் காபி, கச்சேரி என்று வடநாட்டார் நினைத்துக்கொள்வது இவற்றைப் பார்த்துத்தான். ரயில் பாதையைத் தாண்டினால் அதே மொழி பேசும் வேறொரு கூட்டம். அங்கே தெருதான் மேடை.

அந்தத் தெரு தந்த குழு 'டோப்அடெலிக்ஸ்'. 2010-களின் தொடக்கத்தில் தாராவியில் உருவானது. ஸ்டோனி சைக்கோ, டோப் டாடி என்று விசித்திரமான மேடைப் பெயர்கள். பாடுவது ராப். மொழி? தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் நான்கும்தான். இது புதுமை காட்டும் முயற்சி அல்ல. வீட்டில் ஒரு மொழி, குழாயடியில் இன்னொன்று, போலீஸ்காரரிடம் மூன்றாவது என்று வளரும் பிள்ளைகளுக்கு அதுதான் இயல்பு.

அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த மராத்திப் பாட்டின் தலைப்பு 'ஆயி சப்பத் சாஹேப் மீ நவ்தோ'. 'அம்மா சத்தியமா, ஐயா, அது நான் இல்லை' என்று பொருள். சந்தேகத்தின் பேரில் பிடித்து அலைக்கழிக்கப்படும் குடிசைப் பகுதி இளைஞனின் குரல் அது. தலைப்பிலேயே கெஞ்சல் பாதி, கேலி பாதி.

ராப் 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த அமெரிக்கச் சரக்குதான். ஆனாலும் தமிழ்க் காதுக்கு அது முற்றிலும் அந்நியமல்ல. ஒப்பாரி வைக்கும் பெண் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு, இழந்ததை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வாள். அந்தச் சாக்கில் உயிரோடிருப்பவர்களையும் நாலு வார்த்தை கேட்டுவிடுவாள். வடசென்னையின் மரண கானா அந்த மரபின் நகர வடிவம். துக்கத்தையும் குத்தலையும் ஒரே மூச்சில் சொல்வது நமக்குப் பழகிய கலை.

எண்ணிச் சொல்ல தாராவிக்கு நிறையவே இருக்கிறது. மாஹிமுக்கும் சயனுக்கும் நடுவே கோலி மீனவர்கள் வாழ்ந்த சதுப்பு நிலம் இது. தோல் பதனிட வந்த திருநெல்வேலிக்காரர்களும் சேர்ந்து இதைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கினார்கள். 1887-ல் எழுந்த பெரிய மசூதியும், 1913-ல் தமிழர்கள் நிறுவிய விநாயகர் கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் சாட்சிகள். 1960-களில் சிவசேனையின் தென்னிந்திய எதிர்ப்பு அலையையும் பார்த்தாயிற்று. பொங்கலன்று 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

இந்த வாழ்க்கையை சினிமா அடிக்கடி கடன் வாங்கியிருக்கிறது. மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) தாராவியைச் சென்னையில் செட் போட்டுக் காட்டியது. இசை இளையராஜாவுடையது. பா. ரஞ்சித்தின் 'காலா' (2018) ஒரு படி மேலே போனது. சந்தோஷ் நாராயணன் இசையில் டோப்அடெலிக்ஸ் இளைஞர்களே எழுதினார்கள், பாடினார்கள், ரஜினிகாந்தோடு திரையிலும் தோன்றினார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்திப் படம் 'கல்லி பாய்' ராப்பை நாடெங்கும் கொண்டுபோனது. அதில் கதாநாயகன் தாராவிப் பையன். அந்தக் கதைக்குத் தூண்டுதலான டிவைன், நேஸி இருவரோ அந்தேரி, குர்லாவைச் சேர்ந்தவர்கள். ஊரின் பெயருக்கு அவ்வளவு கிராக்கி!

சென்னையிலும் இதே காற்றுதான். ரஞ்சித்தின் முயற்சியில், டென்மா இசையமைக்க, 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் பறையையும் ராப்போடு சேர்த்து 2018 ஜனவரியில் மேடையேறியது. அதில் பாடிய அறிவின் குரலோடு 2021-ல் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' உலகையே ஆட வைத்தது. ஆனால் அது நிலமற்ற தொழிலாளர்களின் துயரக் கதை. கல்யாண வீடுகளில் அதற்கு ஆடியவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ.

'காலா'வில் வில்லன் குறிவைத்தது தாராவி நிலத்தை. படம் முடிந்துவிட்டது. நிலத்தின் கதை முடியவில்லை. 2004-லிருந்து பேசப்பட்டுவந்த மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலத்தை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததாக நிரூபிப்பவர்களுக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். சொந்தக் கழிப்பறை கனவாக இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் பிறகு வந்தவர்களுக்கும் இரும்பு ஏணி ஏறிப் போகும் மேல்தளவாசிகளுக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு, அதுவும் இலவசமல்ல. அதற்காக ஒதுக்கப்பட்ட இடங்களில் முலுண்டு உப்பளமும் தேவனார் குப்பைமேடும் அடக்கம்.

பாட்டுக் குழு என்பது ஒரே சந்தில் வளர்ந்த நாலு பேர். கீழ்வீட்டுக்காரன் இங்கேயும் மேல்வீட்டுக்காரன் தேவனாரிலும் என்று பிரிந்தால் குழு என்னவாகும் என்பதற்குத் திட்ட வரைபடத்தில் பதில் கிடையாது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே மாட்டுங்கா பக்கத் தமிழர்கள் தங்கள் இசைக்கு ஓர் அரங்கம் கட்டிக்கொண்டார்கள். அது எரிந்தபோதும் மறுபடி கட்ட முடிந்தது. தாராவிப் பாட்டுக்கு இருக்கும் ஒரே அரங்கம் அந்தச் சந்துதான்.