தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்பது சென்னையைச் சேர்ந்த ஒரு தமிழ் இசைக்குழு ஆகும். இக்குழு கானா, ராக், ராப் ஆகிய இசை வகைகளை இணைத்து, சாதி ஒழிப்பு, இடஒதுக்கீடு, உணவுரிமை, பெண்ணுரிமை ஆகியவற்றைப் பாடுபொருளாகக் கொண்டு பாடுகிறது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் இணைந்து இக்குழுவை உருவாக்கின.

பெயர்க் காரணம்

சித்த மருத்துவரும் தமிழறிஞருமான அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914), ஒடுக்கப்பட்ட மக்களைச் 'சாதி பேதமற்ற தமிழர்கள்' என்று அழைத்தார். பிறர் சூட்டிய இழிபெயர்களை மறுத்து அவர் முன்வைத்த இச்சொல்லே குழுவின் ஆங்கிலப் பெயருக்கு அடிப்படையாகும்.

பின்னணி

கானா வடசென்னையின் உழைக்கும் மக்களிடையே வளர்ந்த பாட்டு வகை. இறந்தவர் வீட்டில் இரவு முழுவதும் பாடப்படும் மரண கானா இதன் முக்கியப் பிரிவு. 1990களில் இசையமைப்பாளர் தேவாவின் பாடல்கள் வழியாகக் கானா திரையிசையில் பரவலாக இடம்பெற்றது. எனினும் திரைப்படங்களில் அது பெரும்பாலும் கேளிக்கைப் பாட்டாகவே பயன்பட்டது. அதைப் பாடிய மக்களின் வாழ்க்கைச் சிக்கல்கள் அவற்றில் அரிதாகவே ஒலித்தன. இவ்விடைவெளியை நிரப்ப முயன்றதே இக்குழுவின் தனித்தன்மை.

முதல் நிகழ்ச்சி

குழுவின் முதல் இசை நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது. அது மார்கழி மாதம். நகரின் சபாக்களில் கருநாடக இசைக் கச்சேரிகள் நடைபெறும் காலம். அதே பருவத்தில் திறந்தவெளி மேடையில் கானா ஒலித்தது பரவலான கவனத்தைப் பெற்றது. தொடக்கத்தில் 19 பேர் கொண்டிருந்த இக்குழுவில் இசைவாணி ஒருவரே பெண்.

இசைப் பாணி

பறை, சட்டி, கட்டமோளம் ஆகிய தாளக் கருவிகளுடன் மின்கிதார், டிரம்ஸ் போன்றவையும் இக்குழுவில் ஒலிக்கின்றன. ராக் இசை அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து வளர்ந்தது. ராப் இசை 1970களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதித் தெருக்களில் உருவான ஹிப் ஹாப் பண்பாட்டின் ஒரு பகுதி. ஒடுக்கப்பட்டோரின் குரலாகத் தோன்றிய இவ்விசைகள் கானாவுடன் இயல்பாக இணைகின்றன. 'வடசென்னை', 'கோட்டா', 'ஜெய் பீம்' ஆகியவை குழுவின் அறியப்பட்ட பாடல்களுள் சில.

உறுப்பினர்களின் பிற பணிகள்

குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான அறிவு, 'காலா' (2018) திரைப்படத்தில் பாடல் எழுதினார். 2019இல் ஆஃப்ரோவுடன் இணைந்து 'தெருக்குரல்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2021இல் வெளிவந்த 'எஞ்ஜாய் எஞ்சாமி' அவரை உலகெங்கும் அறிமுகப்படுத்தியது. டென்மா, பா. இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) படத்திற்கு இசையமைத்தார். ஆண்களே பெரும்பான்மையாகப் பாடிவந்த கானாவில் தடம் பதித்த இசைவாணி, பிபிசியின் 2020ஆம் ஆண்டுக்கான 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

சர்ச்சை

வழிபாட்டிடங்களில் பெண்கள் நுழைவதைப் பற்றி இசைவாணி பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாடல், மேடையேறிப் பல ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் சர்ச்சைக்குள்ளானது. அப்பாடல் ஐயப்ப பக்தர்களைப் புண்படுத்துவதாகக் காவல்துறையில் புகார்கள் அளிக்கப்பட்டன. இசைவாணிக்கு ஆதரவாக நீலம் பண்பாட்டு மையம் அறிக்கை வெளியிட்டது.

தாக்கம்

2020 திசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்னும் இசை விழாவைத் தொடங்கியது. பறை, கானா, ஒப்பாரி, நாட்டுப்புறப் பாடல் ஆகியவற்றை நிகழ்த்தும் கலைஞர்கள் இதில் மேடையேறினர். 2018இல் ஒரே இரவு நிகழ்ச்சியாகத் தொடங்கிய முயற்சி, இவ்விழாவின் வழியாகப் பிற மக்களிசைக் கலைஞர்களுக்கும் மார்கழி மேடையைத் திறந்துவிட்டது.