பிழைச் செய்தி மறைந்த பிறகு

கல்லூரிப் பணியில் இருந்த காலத்தில், பொருளியல் மாணவர்களைக் கொண்டு ஒரே கிராமத்தில் 1994-இலும் 2009-இலும் குடும்ப வரவு-செலவுக் கணக்கெடுப்பு நடத்தினேன். அந்தப் படிவங்களில் ஒரு பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. எஞ்சியவற்றை ஓய்வுக்குப் பின் என் மடிக்கணினியில் பதிவு செய்தேன். பதிவு முடிந்ததும், வீட்டில் இடமில்லை என்ற காரணத்தால் காகிதக் கட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டேன். ஆக, 612 குடும்பங்களின் விவரம் ஒரே ஒரு மடிக்கணினியில் மட்டுமே இருந்தது. கணக்கெடுப்பு முறைகளை முப்பது ஆண்டுகள் கற்பித்தவன் செய்யக்கூடாத செயல் இது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இத்தகைய விவரங்களின் மதிப்பு அவை பழையனவாக ஆக ஆகக் கூடும். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களைக் கொண்டு கிராமங்களின் விவரங்களைத் திரட்டினார். 1918-இல் அது நூலாயிற்று. இருவேல்பட்டு போன்ற ஊர்களைப் பின்வந்தவர்கள் மீண்டும் மீண்டும் ஆராய முடிந்ததற்குக் காரணம், அந்த முதல் கணக்கு அழியாமல் கிடைத்ததுதான்.

என் கணக்கை எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கும் வகையில் அமைக்க விரும்பி, ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தைக் கற்றுக்கொண்டேன். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரிலுள்ள ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பிறந்து, 2005-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த மென்பொருள் அது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார் கலைஞரின் பெயரை அதற்குச் சூட்டினர். தரவுகளைச் சேமிக்க போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தைத் தேர்ந்தேன். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வழிவந்தது இது. உண்மையில், ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினிக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஜாங்கோவுடன் இயல்பாகவே வரும் எஸ்.கியூ.லைட், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும், அதுவே போதும். ஆசை யாரை விட்டது?

சட்டகமும் தரவுத்தளமும் தனித்தனி நிரல்கள் என்பதைப் புதிதாகக் கற்போர் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். சட்டகம் கடையின் முன்புறம் நிற்பவர் போன்றது. தரவுத்தளம் பின்கட்டிலுள்ள கிடங்கு. கிடங்கின் கதவிலக்கம், உள்ளே செல்ல உரிமை பெற்றவரின் பெயர், கடவுச்சொல், எந்த அறை என்ற விவரம் ஆகியவற்றைச் சட்டகத்தின் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கிறோம். கதவிலக்கத்தைக் கணினியாளர்கள் போர்ட் என்பர். போஸ்ட்கிரெஸ்ஸின் வழக்கமான போர்ட் எண் 5432. இவற்றுள் ஒன்று மாறினாலும் கடை திறக்காது.

என் மடிக்கணினியில் உபுண்டு 22.04 பதிப்பும், அதனுடன் வரும் போஸ்ட்கிரெஸ் 14-உம் இருந்தன. உபுண்டுவை 24.04-க்கு மேம்படுத்தியபோது போஸ்ட்கிரெஸ் 16-உம் வந்து அமர்ந்தது. புதியது வந்துவிட்டதே, பழையது எதற்கு என்று 14-ஐ நானே நீக்கினேன். மறுநாள் காலை வலைச்செயலியை இயக்கினால், 5432-இல் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்ற செய்தி வந்தது.

இச்செய்தியின் பொருள் எளிது: அந்தக் கதவுக்குப் பின்னால் எவரும் இல்லை. கடவுச்சொல் சரியா தவறா என்ற கேள்வியே இன்னும் எழவில்லை. தேடிப் பார்த்ததில், 16-ஆம் பதிப்பு 5433 என்ற எண்ணில் இயங்கிக்கொண்டிருந்தது. பழைய பதிப்பு இருக்கும்போதே புதியது நிறுவப்பட்டால், அது அடுத்துக் காலியாக உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளும். அமைப்புக் கோப்பில் எண்ணை மாற்றினேன். செய்தியும் மாறியது: 'கடவுச்சொல் சரிபார்ப்பு தோல்வி.'

இங்கே அரை நாள் வீணாயிற்று. நினைவிலிருந்த கடவுச்சொற்களை எல்லாம் மாற்றி மாற்றி இட்டேன். அந்தப் பெயரில் ஒரு பயனரே இல்லாவிட்டாலும் போஸ்ட்கிரெஸ் இதே செய்தியைத்தான் தரும் என்பது பின்னர் தெரிந்தது. எந்தெந்தப் பெயர்கள் உள்ளே உள்ளன என்பதை அந்நியர் ஊகித்தறியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உண்மைக் காரணம் தரவுத்தளத்தின் நிகழ்வுப் பதிவேட்டில் இருக்கும். அதை நான் திறந்து பார்க்கவில்லை. முதலிலேயே பார்த்திருந்தால், 'இப்பெயரில் பயனர் இல்லை' என்ற வரி என்னை நிறுத்தியிருக்கும். நேற்றுவரை இருந்த பயனர் இன்று எப்படி இல்லாமல் போவார் என்று கேட்டிருப்பேன்.

நான் கேட்கவில்லை. அதே பெயரில் புதிய பயனரை உருவாக்கினேன். 'தரவுத்தளம் இல்லை' என்றது, அதையும் உருவாக்கினேன். அட்டவணைகளை அமைக்கும் மைக்ரேட் கட்டளையைக் கொடுத்தால், பொது அடுக்கில் எழுத அனுமதி இல்லை என்றது. 2022-இல் வெளிவந்த 15-ஆம் பதிப்பிலிருந்து இந்தக் கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது. முன்பு யார் வேண்டுமானாலும் பொது அடுக்கில் அட்டவணை அமைக்கலாம். இப்போது தரவுத்தளத்தின் உரிமையாளரோ தனியே அனுமதி பெற்றவரோதான் அமைக்கலாம். பழைய வழிகாட்டிகள் சொல்வதுபோல் தரவுத்தளத்தின் மீது எல்லா உரிமைகளையும் வழங்கினாலும் இது தீராது. பயனரையே உரிமையாளராக ஆக்கியதும் தீர்ந்தது. திரையில் வரிசையாக 'சரி', 'சரி' என்று ஓடியபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

வலைப்பக்கம் திறந்தது. ஒரு குடும்பம்கூட இல்லை.

பிழைச் செய்தி வந்துகொண்டிருந்தவரை எனக்குப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. அது மறைந்த பிறகுதான் ஆபத்து தொடங்கியது. ஒவ்வொரு செய்தியையும் நீக்க வேண்டிய இடையூறாகப் பார்த்தேனே தவிர, என் கிடங்கு எங்கே என்பதற்கான சாட்சியாகப் பார்க்கவில்லை. நான் செய்தது பழுதுபார்ப்பே அன்று. பக்கத்து மனையில் காலிக் கிடங்கு ஒன்றைக் கட்டி, அதற்குப் பழைய பெயர்ப்பலகையை மாட்டியிருக்கிறேன். விலையேற்றத்தைக் கண்டு அஞ்சிக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டை மாற்றுவோரை வகுப்பில் கேலி செய்தவன் நான்.

பதற்றத்தில் இணையத்தில் தேடியபோது கிடைத்த அறிவுரை, பழைய பதிப்பின் மிச்சங்களைப் 'பர்ஜ்' கட்டளையால் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவுங்கள் என்பது. அதைக் கொடுத்தேன். தரவு அடைவுகளையும் சேர்த்து நீக்கட்டுமா என்று கணினி கேட்டது. விரல் விசையின் மேல் இருந்தது. அந்தக் கேள்வியில் இருந்த 'தரவு' என்ற சொல்தான் என்னைத் தடுத்தது. கட்டளையை இடைநிறுத்திவிட்டு, மென்பொருள் துறையில் பணிபுரியும் என் முன்னாள் மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சார், எதையும் தொடாதீங்க. பி.ஜி. எல்.எஸ்.கிளஸ்டர்ஸ்னு ஒரு கட்டளை இருக்கு, அதை மட்டும் அடிச்சு, வர்றதைப் படிங்க" என்றார்.

இரண்டு வரிகள் வந்தன. 16 இயங்குகிறது, எண் 5433. அதற்கு மேலே 14, எண் 5432, இயங்கவில்லை, இயக்கும் நிரலைக் காணவில்லை. அந்த வரியில் தரவு அடைவின் முகவரியும் இருந்தது. சாதாரண நீக்கம் நிரலை மட்டுமே எடுக்கும், தரவுகளை விட்டுவைக்கும். பர்ஜ் அவற்றையும் எடுக்கும். அந்த வேறுபாட்டின் இடைவெளியில் என் 612 குடும்பங்கள் பிழைத்திருந்தன.

மற்றவை விரைவில் முடிந்தன. முதலில் அந்த அடைவு முழுவதையும் வெளிவட்டு ஒன்றில் நகலெடுக்கச் சொன்னார். போஸ்ட்கிரெஸ் குழுவினரே பராமரிக்கும் களஞ்சியத்திலிருந்து 14-ஐ மீண்டும் நிறுவினோம். 16-ஆம் பதிப்பு 14-இன் கோப்புகளை நேரடியாகத் திறக்காது. ஆகவே பழையதை இயக்கி, தரவுகளை எழுத்துவடிவக் கோப்பாக வெளியெடுத்தோம். 16-இல் நான் கட்டிய காலிக் கிடங்கை நீக்கி, புதிதாக ஒன்றை அமைத்து, அதில் அவற்றை ஏற்றினோம். எண்ணிப் பார்த்தோம்: 612.

எழுத்துவடிவக் கோப்பு இத்தனைக்கும் ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கிவிடுகிறது. இப்போது அதில் ஒரு பிரதி என் மேசை இழுப்பறையிலும், இன்னொன்று வேறு ஊரில் அந்த மாணவரின் வீட்டிலும் இருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை அதை ஒரு வெற்றுத் தளத்தில் ஏற்றி எண்ணிப் பார்த்துச் சொல்கிறார். சென்ற மாதமும் 612 என்றுதான் சொன்னார்.