'டியூ டு' வேறு, 'டியூ ஃப்ரம்' வேறு!

நெய்யாற்றின்கரை தாலுகாவிலுள்ள திருப்புறம், பாறசாலை வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் புழங்குகின்றன. 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பேச்சுக்கு இந்த இரண்டு மொழிகள் போதும். ஆனால் பாங்கி, ரயில்வே, கம்பெனி என்று காகிதம் போகிற இடங்களில் ஆங்கிலமும் வேண்டியிருக்கிறது. அங்கேதான் சின்னஞ்சிறு சொற்கள் காலை வாரி விடுகின்றன.

தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டும் வேற்றுமை உருபு செய்கிற வேலையை, ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் 'பிரிபொசிஷன்' செய்கிறது. எந்தப் பெயரடையுடன் எது சேரும் என்பது வழக்கைப் பொறுத்தது. தமிழ் உருபை அப்படியே பெயர்த்து வைத்தால் பிசகிவிடும்.

'என்னைவிட சீனியர்' என்ற நினைப்பில் 'சீனியர் தேன் மீ' என்று எழுதுவோர் பலர். 'சீனியர் டு மீ' என்பதே சரி. ஜூனியர், சுபீரியர், இன்ஃபீரியர், ப்ரயர் எல்லாம் இதே லத்தீன் வழி வந்தவை, அவற்றுக்கும் 'டு'தான். 'கணக்கில் கெட்டிக்காரர்' என்பதற்கு 'குட் அட்', 'இன்' அல்ல. 'இன்னாருடன் கல்யாணமானவர்' என்பதற்கு 'மேரீட் டு'; 'வித்' அல்ல.

'என் மேல் கோபம்' என்பதற்கு 'ஆங்ரி வித் மீ', 'ஆன்' அல்ல. இதில் எல்லைவாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. மலையாளத்தில் 'என்னோடு தேஷ்யம்' என்பார்கள் அல்லவா? அந்த 'ஓடு'வை நினைத்துக்கொண்டால் 'வித்' தானே வரும்.

இது வெறும் பாஷை நயமல்ல, காசு விவகாரமும்கூட. ரூ.500 'டியூ டு மீ' என்றால் எழுதியவருக்கு வர வேண்டிய பாக்கி. 'டியூ ஃப்ரம் மீ' என்றால் அவர் கட்ட வேண்டிய பாக்கி! சம்பளப் பாக்கி கேட்கிறவர் மாற்றி எழுதிக் கையெழுத்திட்டால், கடனை ஒப்புக்கொண்டதாகப் பொருள்படும். அதேபோல் ஸ்டோர் குமாஸ்தா மானேஜருக்கு 'ரெஸ்பான்சிபிள் டு'. சரக்குக்கு 'ரெஸ்பான்சிபிள் ஃபார்'. முன்னது பதில் சொல்ல வேண்டிய ஆளையும், பின்னது பொறுப்பேற்க வேண்டிய பொருளையும் குறிக்கும். நியமன உத்தரவில் 'ஃபார்' என்பதற்குப் பின்னால் என்னென்ன வருகிறது என்று பார்த்துக் கையெழுத்திடுவது நல்லது.

இதற்கு மருந்து என்ன? பெயரடையைத் தனியாகப் படிக்காமல் ஜோடியாகவே மனதில் பதிக்க வேண்டும்: 'எலிஜிபிள் ஃபார்', 'என்டைட்டில்ட் டு', 'ஆப்சென்ட் ஃப்ரம்'. 1935ல் வெளிவந்த ரென் - மார்ட்டின் இலக்கணத்தில் இத்தகைய பட்டியல் உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் போதித்த ஹார்ன்பி, பிறமொழிக்காரர் படும் பாட்டை நேரில் கண்டவர். அவரும் சகாக்களும் தொகுத்து 1942ல் டோக்கியோவில் வெளியான அகராதியே பின்னர் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதியாயிற்று. அதன் உதாரண வாக்கியங்களைப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும்.

ஆங்கிலம் வரவில்லையே என்று குறையைச் சொல்லாமல் இருந்துவிடவும் வேண்டாம். குறைதீர்க்கும் மனுவை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அனுப்பலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350வது பிரிவு. எந்த மொழியில் எழுதினாலும், வர வேண்டியது எது, தர வேண்டியது எது என்பது தெளிவாக இருக்கட்டும்.