நாணமும் நோயும்: பெண்ணுறுப்பின் தோலில் தோன்றும் பருக்கள்

கண்ணிமையில் ஒரு கட்டி தோன்றினால் அதனைப் பிறரிடம் சொல்ல எப்பெண்ணும் தயங்குவதில்லை. இமைமயிரின் அடியில் கிருமி புகுந்து சீழ் வைத்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறாள். அதே மயிர்க்கால் அழற்சி பெண்ணுறுப்பின் புறத்தோலில் தோன்றினாலோ, பெற்ற தாயிடங்கூடக் கூறாது மறைக்கிறாள். ‘கெட்ட நோய்’ என்று பிறர் எண்ணிவிடுவரோ என்னும் அச்சமே இதற்குக் காரணம். இவ்வச்சம் பெரிதும் அறியாமையால் விளைவது.

முதற்கண், நோயே அல்லாதவற்றை அறிதல் வேண்டும். உறுப்பின் உள்மடிப்புகளில் வெளிர் மஞ்சள் நிறத்தில் மணல்போல் காணப்படும் புள்ளிகள் நெய்ச்சுரப்பிகளே. உதட்டிலும் தோன்றும் இவற்றை 1896ஆம் ஆண்டில் போர்டைஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் விளக்கியமையால் அவர் பெயராலேயே வழங்குகின்றன. யோனிவாயிலின் இருபுறமும் மென்மையாய், வரிசையாய், ஒவ்வொன்றும் தனியடியுடன் நிற்கும் சிறு முனைகளும் இயற்கையானவையே. மருக்களோ ஒழுங்கின்றி, ஓரடியிலிருந்து பல தலைகளாகக் கிளைக்கும். இயற்கையான புள்ளிகளுக்கும் முனைகளுக்கும் மருந்து தேவையில்லை.

அடுத்து, அடைப்பால் வருவன. மயிரை மழித்தபின் நுனி தோலுக்குள் வளைந்து வளர்ந்தால் சிவந்த பரு எழும். மழிப்பதை நிறுத்தி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் சில நாள்களில் அடங்கும், பிதுக்குதல் ஆகாது. யோனிவாயிலின் கீழ்ப்புறத்தே இருபக்கமும் பட்டாணியளவான சுரப்பிகள் உள்ளன. டென்மார்க்கைச் சேர்ந்த பார்த்தோலின் 1677ஆம் ஆண்டில் இவற்றை விவரித்தார். இவற்றின் குழாய் அடைபட்டால் ஒருபக்கம் நீர்க்கட்டி உண்டாகும். அதில் கிருமி சேர்ந்தால் நடக்கவும் உட்காரவும் இயலாத வலி எடுக்கும். மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்ற நேரும்.

இனி அரிப்பைக் காண்போம். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவையே யோனிக்குள்ளும் வாழ்ந்து அமிலத்தை உண்டாக்கி அதனைக் காக்கின்றன. அவ்வமிலத்தன்மையின் அளவு 3.8 முதல் 4.5 வரை, சோப்பின் அளவோ பெரும்பாலும் 9க்கு மேல். தூய்மை வேண்டி உள்ளே சோப்பும் கிருமிநாசினியும் இட்டுக் கழுவுவோர், காவலரையே விரட்டிவிடுகின்றனர். நறுமணம் ஊட்டிய நாப்கின், இறுகிய செயற்கையிழை உள்ளாடை, வியர்வை ஆகியனவும் தோலை எரிச்சலூட்டும். வெளிப்புறத்தை வெறுந்தண்ணீரால் கழுவி ஈரம் போக்கிப் பருத்தியாடை அணிதலே போதும். தயிர்த்திரள்போல் வெள்ளைப்பட்டு அரிப்பது பூஞ்சையால் வருவது. இது மீண்டும் மீண்டும் வந்தால் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்தல் நலம். கடையில் தாமே வாங்கும் ஸ்டெராய்டு களிம்பு பூஞ்சையை வளர்க்கக்கூடும்.

தொற்றால் வருவனவும் உள. எரிச்சலுடன் கொத்தாக எழும் நீர்க்கொப்புளம் ஹெர்ப்பீஸ் ஆகலாம். மருக்களில் பத்தில் ஒன்பது, பாப்பிலோமா வைரஸின் 6, 11 ஆகிய வகைகளால் விளைவன. இவ்விரு தொற்றுகளும் பல மாதமோ ஆண்டுகளோ மறைந்திருந்து பின் வெளிப்படக்கூடும். ஆதலின், இன்று தோன்றிய மருவைக் கொண்டு மனைவியின் கற்பையோ கணவனின் ஒழுக்கத்தையோ ஐயுறுதல் பேதைமை. வலியில்லாத ஒற்றைப் புண்ணையே மிகுதியும் அஞ்சுதல் வேண்டும். அது சிபிலிஸ் ஆகலாம். பெனிசிலினால் குணமாகும் அந்நோய், கவனியாது விடின் கருவிலுள்ள குழந்தையையும் தாக்கும்.

அதே பாப்பிலோமா இனத்தின் 16, 18 ஆகிய வகைகளே கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெருங்காரணம். அதனைத் தடுக்கும் ஊசித்திட்டம் மாணவியர்க்காக மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும், சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 2019ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டது.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வளரும் அல்லது குருதி கசியும் கட்டி, காய்ச்சலுடன் கூடிய வீக்கம், நாற்பது வயதுக்குமேல் புதிதாய்த் தோன்றும் கட்டி, மாதவிலக்கு நின்றபின் தோல் வெளுத்து இடைவிடாது அரித்தல் ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். பெண் மருத்துவரை வேண்டிக் கேட்பதில் தவறில்லை.

கை, கால், கண் என்று கற்பிக்கும் ஆசிரியர், பருவமெய்தும் மாணவியர்க்கு இவ்வுறுப்பின் பெயரையும் இயல்பையும் ஆசிரியை வாயிலாக முறையாக அறியச் செய்தல் கடன். பெயர் சொல்லத் தெரியாத இடத்தில் வந்த நோயை ஒரு சிறுமி எவ்வாறு தாயிடம் சொல்வாள்?