கத்திரியில் பூத்த பொன்

கத்திரி தொடங்கி ஐந்தாறு நாள் ஆகியிருந்த ஒரு முற்பகலில், மதுராந்தகத்தைக் கடந்து அச்சரப்பாக்கத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தார்ச்சாலையிலிருந்து எழுந்த அனல் செருப்பையும் ஊடுருவி உள்ளங்காலைச் சுட்டது. குடை பிடித்தவர், தலையில் துண்டு போட்டவர், எதிர்ச்சாரியில் நிழல் இருக்கிறதென்று வண்டி வாகனங்களுக்கிடையே ஓடியவர் என்று ஜனங்கள் அனைவருமே சூரிய பகவானுக்கு அஞ்சி ஒதுங்கிக்கொண்டிருந்த அவ்வேளையில், கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு மதிலுக்குமேல், இலை என்று சொல்லத்தக்கது ஏதுமின்றி, உச்சி முதல் அடிக்கிளை வரை மஞ்சள் சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு சரக்கொன்றை நின்றது.

இவ்வூருக்கும் கொன்றைக்கும் உள்ள சம்பந்தம் பழையது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை வணங்க மறந்தமையால் தேரின் அச்சு இற்ற இடம் இதுவென்றும், அதனால் அச்சிறுபாக்கம் என்று பெயர் பெற்றதென்றும் தலபுராணம் கூறும். சம்பந்தர் பாடிய பதி இது. ஆட்சீசுவரர் கோயிலின் தல விருட்சம் சரக்கொன்றையே. பாண்டிய மன்னன் ஒருவன் இவ்வழியே வந்தபோது பொன்னிறமான உடும்பு ஒன்றைக் கண்டு துரத்த, அது ஒரு கொன்றை மரத்தின் பொந்தில் புகுந்துகொள்ள, அவன் மரத்தை வெட்டச் செய்ய, வெட்டிய இடத்திலிருந்து இரத்தம் பெருகிற்று என்பது கதை. கதையின் தத்துவார்த்தத்தைப் பெரியவர்கள் சொல்லட்டும். எனக்கு அந்த உடும்பின் நிறந்தான் விசேஷமாகப் படுகிறது. பொன்னுடும்பு ஒளிந்துகொள்ளப் பூத்த கொன்றையைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது?

கொன்றை வெயிலைப் பொறுத்துக்கொண்டு பூக்கிறது என்று நாம் சொல்வது வழக்கம். கூர்ந்து பார்த்தால் அது பொறுமையைவிடச் சிக்கனம் என்றே தோன்றும். மரம் நீரை இழப்பது பெரும்பாலும் இலை வழியாகத்தான். ஆகவே கோடை முற்றும் தருணத்தில் கொன்றை தன் இலைகளையெல்லாம் உதிர்த்துச் செலவைக் குறைத்துவிட்டு, வேரிலும் தண்டிலும் சேமித்துவைத்த சத்தைக்கொண்டு பூக்கத் தொடங்குகிறது. மறைக்க இலை இல்லாததால் தொலைவிலிருந்தே வண்டுகளின் கண்ணுக்கும் பூ தப்புவதில்லை.

மதிலோரம் தாழ்ந்திருந்த ஒரு சரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து இதழ், நடுவே பத்துக் கேசரங்கள், அவற்றுள் மூன்று மட்டும் நீண்டு வளைந்து, விருந்தாளியை எட்டிப் பார்ப்பனபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கொன்றைப் பூவில் தேன் இல்லை. மகரந்தமே அது தரும் விருந்து. பெருத்த கருவண்டு ஒன்று வந்து குட்டைக் கேசரங்களைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிரச் செய்து ரீங்கரித்தது; அதற்கு வேண்டிய உணவு கீழே உதிர, நீண்ட மூன்றின் தூள் அது அறியாமலே அதன் முதுகில் ஏறிற்று. இப்படி மரத்தின் காரியமும் வண்டின் காரியமும் ஒரே நொடியில் முடிந்துபோக, வேடிக்கை பார்த்த என் சட்டைதான் வியர்வையில் நனைந்திருந்தது. பக்கத்திலேயே போன வருஷத்துக் காய்கள் கறுத்து, முழ நீளத்துக்குக் குழல்போலத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் சதையை மலச்சிக்கலுக்கு மருந்தாகக் கொடுப்பார்கள். சௌந்தரியத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்வது முறையோ, தெரியவில்லை.

சங்கப் புலவர்கள் கொன்றையை முல்லை நிலத்துக்கும் கார்காலத்துக்கும் உரியதாகப் பாடினர். குறுந்தொகையில் ஒரு தோழி, பருவமல்லாத மழையைக் கார் என்று மயங்கிப் பூத்துவிட்டதாகச் சொல்லிக் கொன்றையை அறிவற்ற மரமென்றே ஏசிவிடுகிறாள். சித்திரையில் பூப்பதைக் கண்ணாரக் காணும் நமக்கு இது சற்று விசித்திரமாக இருக்கும். கோடைப் பூப்பு ஓய்ந்தபின் மழைக்காலத்தில் சில மரங்கள் மறுபடியும் ஓரிரு சரம் விடுவதுண்டு. புலவர்கள் கண்டது அதுவாகவும் இருக்கலாம். மலையாள தேசத்திலோ சித்திரை விஷுவுக்குக் கொன்றைப்பூ இல்லாமல் கணி வைப்பதில்லை; சயாம் என்று நாம் சொல்லிவந்த தாய்லாந்து அதைத் தேசிய மலராகவே கொண்டிருக்கிறது.

வெயில் மட்டுமா சோதனை? இங்கிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போனால், உப்புக் காற்றும் சுடுமணலும் அன்றி வேறெதுவும் இல்லாத இடத்தில் அடும்பு படர்ந்திருக்கும். பிளவுபட்ட அதன் இலையை மானின் குளம்புக்கு ஒப்பிட்டார் நம்பி குட்டுவன்; ஆட்டின் குளம்பு என்பவர்களும் உண்டு. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்த பின், சில நாள் கழித்து நான் அக்கரையில் நடந்தபோது, அலை வாரிப்போட்ட மணலில் கொடி பெரும்பாலும் புதைந்து கிடந்தது. கணுவுக்குக் கணு வேர்விடும் கொடியாதலால் புதைத்தால் அதற்கு நஷ்டமில்லை; புதைந்த கணுவெல்லாம் இன்னும் ஒரு பிடிப்பு. மணலுக்குமேல் இரண்டு இலையும், ஊதா கலந்த இளஞ்சிவப்பில் புனல்போன்ற ஒரு பூவும் தெரிந்தன. காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும் பூ அது. இதன் விதையும் கடலில் மிதந்து சென்று வேறு கரையில் முளைக்க வல்லது.

தரிசனம் முடித்துத் திரும்பியபோது உச்சி வேளை. சென்னையில் 2003 மே 31ஆம் தேதி வெயில் 45 டிகிரியைத் தொட்டது என் நினைவுக்கு வந்தது. கத்திரி கழிந்துவிட்டதென்று பஞ்சாங்கத்தை நம்பியிருந்தவர்களை அன்று சூரியன் நன்றாகவே ஏமாற்றினான். பஸ் நிற்கும் இடத்தில், ஈரத்துணி போர்த்திய கூடையின் பக்கத்தில் ஓர் அம்மாள் குண்டுமல்லி கட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் நார்மேல் ஓடிக்கொண்டே இருந்தன. ஓடும் விரல்களை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

“இந்த வெயில்ல பூ தாங்குமா அம்மா?” என்றேன்.

“நல்லாக் கேட்டீங்க சாமி! மல்லிக்கு வெயில்தான் தீனி. வெயில் ஏற ஏற மொட்டு கொட்டுது. விலைதான் இல்ல, எறங்கிக் கெடக்கு” என்றவள், ஒரு முழத்துக்கு மேலேயே தாராளமாக அளந்து இலையில் சுருட்டி என் கையில் வைத்தாள். “பனி காலத்துல வந்து கேளுங்க. அப்போ இந்த மொட்டை எண்ணி எண்ணித்தான் கட்டுவேன்.”